கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க: ஒரு வினைச்சொல்லின் அரசியல்

1

டவுன் பஸ்ஸில் மூணு பேர் உட்காரும் சீட்டு. மூணு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். கையில் பையோ பிள்ளையோ வைத்துக்கொண்டு நாலாவதாக ஒருத்தர் வந்து, 'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க' என்கிறார். மூணு பேரும் இடித்துக்கொண்டு நகர்கிறார்கள். ஓரத்தில் இருப்பவரின் பாதி உடம்பு சீட்டுக்கு வெளியே தொங்குகிறது. பெரிதாக யாரும் முணுமுணுப்பதில்லை. அடுத்த ஸ்டாப்பில் தானும் இதையே சொல்ல வேண்டி வரலாம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

இன்னொரு இடம். அடி வாங்கிக்கொண்டு தாய்வீட்டு வாசலில் வந்து நிற்கிற பெண்ணிடம் அம்மா, பெரியம்மா, தாய்மாமன் எல்லோரும் சொல்கிறார்கள்: 'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டுப் போம்மா.' அதே சொல், அதே 'கொஞ்சம்', அதே பாதிக் கெஞ்சல். ஆனால் இங்கே நகர்வது ஒருத்தி மட்டும்தான். அவள் நகர்ந்து கொடுத்த இடத்தில் வேறு யாரும் புதிதாக உட்காரப்போவதுமில்லை. ஏற்கனவே காலை அகட்டி உட்கார்ந்திருப்பவனுக்கு இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கிறது. அவ்வளவுதான்.

இந்த இரண்டு வாக்கியங்களும் ஒன்றுதானா என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி. தமிழில் புழங்கும் ஆங்கில வினை என்று எடுத்தாலே நம்மவர்கள் உடனே 'கலப்படம்' என்று ஆரம்பித்துவிடுவார்கள். மாற்றுச் சொல் பட்டியல் ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். எனக்கு அதில் அக்கறை இல்லை. சொல் எந்த ஊரில் பிறந்தது என்பதைவிட, அது யார் வாயிலிருந்து கிளம்பி யார் தலைமேல் போய் இறங்குகிறது என்பது முக்கியம். 'அட்ஜஸ்ட்' நம் வீட்டுக்குள் வந்து வெகுகாலமாகிவிட்டது. அது இங்கே என்ன வேலை பார்க்கிறது என்று இனியாவது கேட்கலாம்.

2

முதலில் அதன் பிறந்த வீட்டைப் பார்த்துவிடுவோம்.

பார்த்த மாத்திரத்தில் இந்தச் சொல்லுக்குள் 'ஜஸ்ட்' உட்கார்ந்திருப்பது போலத் தெரியும். 'ஜஸ்ட்' என்றால் நியாயமான, முறையான. எனவே 'அட்ஜஸ்ட்' என்பது நியாயத்தை நோக்கிக் கொண்டுவருவது என்று தோன்றும். ஐரோப்பியர்களுக்கே நெடுங்காலம் அப்படித்தான் தோன்றியிருக்கிறது. சொல்லின் பொருளும் அந்தப் பக்கம் சாய்ந்தது. ஆனால் வேர் அதுவல்ல. பழைய பிரெஞ்சின் வழியாகப் பின்னோக்கிப் போனால் கிடைப்பது 'அட்', 'யுக்ஸ்தா' என்ற இரண்டு லத்தீன் சொற்கள். 'அட்' என்றால் நோக்கி. 'யுக்ஸ்தா' என்றால் பக்கத்தில், ஒட்டினாற்போல. அதாவது ஒன்றை இன்னொன்றின் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பது. இதில் நியாயம், நீதி எதுவும் இல்லை. இருப்பதெல்லாம் நெருக்கம்தான்.

இதே 'யுக்ஸ்தா'விலிருந்து ஆங்கிலத்துக்கு இன்னொரு வினையும் வந்திருக்கிறது: 'ஜௌஸ்ட்'. மத்தியகால ஐரோப்பாவில் இரண்டு வீரர்கள் குதிரைமேல் எதிரெதிராக வந்து ஈட்டியால் மோதிக்கொள்வதற்கு இந்தப் பெயர். ஒரே வேரில் பிறந்த இரண்டு பிள்ளைகள். ஒன்று அனுசரித்துப் போகச் சொல்கிறது. மற்றது மோதச் சொல்கிறது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டால் ஒன்று ஒதுங்கலாம், இல்லையென்றால் முட்டலாம் என்ற இரண்டு சாத்தியங்களும் ஒரே வேருக்குள் இருந்திருக்கின்றன. நம்மிடம் வந்து சேர்ந்தது ஒரு பிள்ளை மட்டும். மற்றது ஆங்கில அகராதியோடு நின்றுவிட்டது. இது தற்செயலாகவே இருக்கட்டும். தற்செயல்களையும் வாசிக்கத்தானே விமர்சனம்.

ஆங்கிலத்தில் இந்த வினையின் அன்றாடப் புழக்கம் பெரும்பாலும் பொருட்களோடுதான். கண்ணாடியை, கடிகாரத்தை, பிரேக்கை, கழுத்து டையை அட்ஜஸ்ட் செய்வார்கள். கணக்கில் வரவு செலவை அட்ஜஸ்ட் செய்வார்கள். இன்ஷூரன்ஸில் நஷ்டத்தை மதிப்பிட்டுத் தீர்க்கிறவருக்கே 'அட்ஜஸ்டர்' என்று பேர். இங்கெல்லாம் செய்பவர் ஒருவர், செய்யப்படுவது ஒரு பொருள். திருகாணியைத் திருகினால் திருகாணிக்கு வலிக்காது.

மனிதர்களே அட்ஜஸ்ட் ஆக வேண்டியவர்களாக மாறியதில் உளவியலுக்குப் பெரிய பங்கு உண்டு. 20ஆம் நூற்றாண்டில் 'நன்றாக அட்ஜஸ்ட் ஆன' குழந்தை, 'மாலட்ஜஸ்டட்' குழந்தை என்ற பிரிவினை பள்ளிக்கூடங்களுக்குள் வந்தது. பிரிட்டனில் 1945ஆம் ஆண்டின் விதிகள், தனிக் கல்வி தேவைப்படும் மாணவர்களின் வகைகளில் ஒன்றாக 'மாலட்ஜஸ்டட்' என்பதைச் சேர்த்தன. பார்வையற்றவர், காது கேளாதவர் என்ற வரிசையில் ஒத்துப்போகாதவரும் ஒரு வகை. எதோடு ஒத்துப்போகாதவர்? அந்தக் கேள்விக்கு மட்டும் படிவத்தில் கட்டம் கிடையாது. பிரேக்கைத் திருகிய அதே வினை இப்போது பிள்ளையைத் திருக ஆரம்பித்துவிட்டது. நம்மிடம் இதற்கு அறிவியல் பேர் வேண்டியிருக்கவில்லை. 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்ற பழமொழியே போதுமாயிருந்தது. வளையத்தான் வேண்டுமா என்று அந்தப் பழமொழியிடம் யாரும் கேட்டதில்லை.

3

இனி தமிழுக்கு வருவோம்.

ஆங்கில வினை எதையும் தமிழ் அப்படியே விகுதி போட்டு ஏற்றுக்கொள்வதில்லை. ஒரு 'பண்ணு' வேண்டும். இல்லையென்றால் ஒரு 'ஆகு' வேண்டும். 'செயின் லூஸா இருக்கு, அட்ஜஸ்ட் பண்ணணும்' என்கிறார் மெக்கானிக். இங்கே 'பண்ணு' போதுமானதாக இருக்கிறது. வேலை வெளியே இருக்கிற ஒரு பொருளின்மேல் நடக்கிறது. ஆனால் பஸ்ஸிலும் தாய்வீட்டு வாசலிலும் நாம் கேட்டது 'அட்ஜஸ்ட் பண்ணு' அல்ல, 'அட்ஜஸ்ட் பண்ணிக்கோ.' அந்த 'க்கோ' எங்கிருந்து வந்தது?

அது 'கொள்' என்ற துணைவினை. செயலைச் செய்தவர்மேலேயே திருப்பிவிடுவது அதன் வேலை. 'எழுது' வேறு, 'எழுதிக்கொள்' வேறு. 'கண்ணாடியை அட்ஜஸ்ட் பண்ணு' என்றால் திருகப்படுவது கண்ணாடி. 'அட்ஜஸ்ட் பண்ணிக்கோ' என்றால் திருகப்படுவது நீ; திருகுவதும் நீயேதான். சொன்னவன் கையில் அழுக்குப் படாது. அதிகாரம் எப்போதும் சாட்டையோடு வருவதில்லை என்று ஃபூக்கோ விஸ்தாரமாக எழுதியதை நம் 'கொள்' ஒரே அசையில் செய்துவிடுகிறது.

'கொள்'ளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பரஸ்பரத்தைக் காட்டுவது. 'பேசிக்கொண்டார்கள்', 'அடித்துக்கொண்டார்கள்' என்றால் ஒருவரோடு ஒருவர். 'ரெண்டு பேரும் அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டாங்க' என்று பின்னாளில் ஊர் கதை சொல்லும்போது இந்தப் பரஸ்பரம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. யார் எவ்வளவு வளைந்தார் என்ற கணக்கு அந்தப் பன்மைக்குள் காணாமல் போகிறது. ஆனால் கட்டளையாக வரும்போது பாருங்கள்: 'நீ கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா.' முன்னிலை ஒருமை. கதையாடலில் இருவர், ஏவலில் ஒருத்தி. ஏவலுக்கும் கதையாடலுக்கும் நடுவில் எங்கோ ஒரு இடத்தில் அவளுடைய வலி, இரண்டு பேருடைய பெருந்தன்மையாகக் கணக்கெழுதப்படுகிறது. நம் குடும்பப் புனிதம் என்கிற கதையாடல் நிற்பதே இந்த இலக்கணத்தின்மேல்தான் என்பேன்.

ஆங்கிலம் வராத காலத்தில் இந்த வேலையை யார் பார்த்தார்கள்? 'அனுசரித்துப் போ.' இன்றைக்கும் பெரிய மனுஷர்கள் கல்யாண மேடையில் இதைத்தான் சொல்கிறார்கள். இதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. 'அனுசரி' என்னும்போது நம் காதில் ஒரு 'சரி' விழுகிறது. ஏதோ சரியான காரியம் போல. ஆனால் அது வடமொழியில் 'அனு' (பின்னால்) என்பதும் 'செல்' என்ற பொருளுடைய வேரும் சேர்ந்த சொல். பின்னால் போ, அவ்வளவுதான். 'அட்ஜஸ்ட்' தனக்குள் இல்லாத நியாயத்தை இருப்பதுபோலக் காட்டுகிறது. 'அனுசரி' தனக்குள் இல்லாத சரியை இருப்பதுபோலக் காட்டுகிறது. இரண்டு மொழிகள், இரண்டு வேர்கள், ஒரே மாதிரியான முகமூடி. அதனால்தான் ஒன்று போய் மற்றது வந்தபோது வீட்டில் எதுவும் மாறவில்லை.

சுயமரியாதைத் திருமணத்துக்குப் பெரியார் இயக்கம் வைத்த பெயரை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்க வேண்டும்: 'வாழ்க்கை ஒப்பந்தம்'. 1967இல் அண்ணா அரசு கொண்டுவந்த சட்டத் திருத்தம் அத்திருமணங்களைச் செல்லுபடியாக்கியது. ஒப்பந்தம் என்றால் இரண்டு தரப்பு உண்டு. நிபந்தனை உண்டு. மீறினால் முறிக்கலாம். அனுசரிப்பில் முறிப்பதற்கு என்ன இருக்கிறது? அப்புறம் 1983இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498ஏ பிரிவு வந்தது. அது 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 85, 86 பிரிவுகளாக இருக்கிறது. சட்டம் அதற்கு 'கொடுமை' என்று பேர் வைத்தது. வாசற்படியில் நிற்கிறவளிடம் நாம் சொல்கிற சொல் அந்தப் பேரை அழித்துவிட்டு 'கொஞ்சம்' என்று எழுதுகிறது. எந்தச் சட்டத் திருத்தத்தாலும் இந்தக் 'கொஞ்ச'த்தை இதுவரை தொட முடியவில்லை.

4

வினை பெயராகும்போது இன்னும் துணிச்சல் வந்துவிடுகிறது. 'அட்ஜஸ்ட்மென்ட்.' 'ஒரு அட்ஜஸ்ட்மென்ட்ல முடிச்சுக்கலாம்' என்றால் லஞ்சம். கூட்டணிக் கட்சிகள் உட்கார்ந்து பேசினால் ஆங்கிலப் பேப்பரில் 'சீட் அட்ஜஸ்ட்மென்ட்', தமிழில் தொகுதி உடன்பாடு. சினிமாவில் இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பது ஊரறிந்த விஷயமாக இருந்தும் எந்த ஆவணத்திலும் ஏறாமல் கிடந்தது. 2017இல் கேரள அரசு அமைத்த நீதிபதி ஹேமா குழு 2019 டிசம்பரில் அறிக்கை கொடுத்தது. சில பகுதிகள் நீக்கப்பட்டு 2024 ஆகஸ்டில்தான் அது வெளியே வந்தது. மலையாள சினிமாவில் பெண்களுக்கு மிகவும் பழகிப்போன இரண்டு சொற்களாக அது 'அட்ஜஸ்ட்மென்ட்'டையும் 'காம்ப்ரமைஸ்'ஸையும் பதிவு செய்கிறது. யோசித்துப் பாருங்கள், மிரட்டலுக்குப் பயன்படுகிற சொல்லில் மிரட்டலின் சாயலே இல்லை. பஸ்ஸில் நகர்ந்து உட்காரச் சொல்கிற அதே மரியாதையோடுதான் அங்கேயும் கேட்கிறார்கள். மறுத்தவள் பாதிக்கப்பட்டவளாக ஆவதில்லை. 'கொஞ்சங்கூட அட்ஜஸ்ட் பண்ணத் தெரியாதவ' ஆகிறாள். குற்றம் இடம் மாறிவிடுகிறது.

இதே பெயர்ச்சொல்லைத்தான் உலக வங்கி 1980இலிருந்து கடன் பத்திரங்களில் எழுதியது: 'ஸ்ட்ரக்சுரல் அட்ஜஸ்ட்மென்ட்'. 1991இல் அது நம் வாசலுக்கும் வந்தது. தமிழில் 'கட்டமைப்புச் சீரமைப்பு' என்றெல்லாம் எழுதினார்கள். சீர் அமைப்பதாம்! மொழிபெயர்ப்பில் அசல் சொல்லின் சங்கடம் முழுக்க வடிந்துபோய்விட்டது. அமைப்பை அட்ஜஸ்ட் செய்வதாகத்தான் ஆங்கிலம் சொல்கிறது. மெக்கானிக் செயினைச் சரிசெய்வதுபோல. நடந்தது என்ன? 1991 ஜூலை பட்ஜெட்டில் உர விலையை 40 சதவீதம் ஏற்றப்போவதாகச் சொல்லி, எதிர்ப்புக்குப் பிறகு 30 என்று நின்றார்கள். டெல்லியில் 'பண்ணு', வயற்காட்டில் 'பண்ணிக்கோ'. மேலே செய்வினையாகக் கிளம்பியது கீழே வந்து சேரும்போது 'கொள்' ஒட்டிக்கொண்டுதான் வருகிறது. 1997இல் ரேஷனை வறுமைக்கோட்டுக்கு மேலே, கீழே என்று பிரித்தபோது தமிழ்நாடு எல்லோருக்குமான ரேஷனை விடவில்லை. அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளாமலும் இருக்க முடியும் என்பதற்கு அரிசி மூட்டை அளவிலேயே சாட்சி இருக்கிறது.

5

சரி, 'மாலட்ஜஸ்டட்' என்ற வசவை வாங்கித் தன் சட்டையில் குத்திக்கொண்ட ஒருவர் உண்டு. மார்ட்டின் லூதர் கிங். 1957 வாக்கிலிருந்தே அவர் இதைப் பேசியிருக்கிறார். 1967 செப்டம்பரில் வாஷிங்டனில் அமெரிக்க உளவியலாளர் சங்கத்தின் மாநாட்டில், அந்தச் சொல்லைப் பிரபலமாக்கியவர்கள் முன்னாலேயே அதைத் திருப்பிப் போட்டார். நம் சமூகத்தில் சில விஷயங்களுக்கு நாம் ஒருபோதும் அட்ஜஸ்ட் ஆகக் கூடாது. நிறவெறிக்கும் வறுமைக்கும் யுத்தத்துக்கும் ஒத்துப்போகாத மனிதர்கள்தான் தேவை என்பது அவர் பேச்சின் சாரம். படைப்பூக்கமுள்ள ஒத்துப்போகாமைக்கு ஒரு சர்வதேசச் சங்கமே வேண்டும் என்றார்.

இந்த மனிதரைப் பொதுவாழ்க்கைக்குக் கொண்டுவந்தது ஒரு பஸ் சீட்டு என்பதை மறக்கக் கூடாது. 1955 டிசம்பர் 1, மான்ட்கோமரி. ஒரு வெள்ளைக்காரர் நிற்கிறார். அவர் ஒருவர் உட்கார வேண்டும் என்பதற்காக ஒரு வரிசையிலிருந்த நான்கு கறுப்பர்களையும் எழுந்திருக்கச் சொல்கிறார் டிரைவர். ஒருவருக்கு எதற்கு நாலு சீட்டு? ஒரே வரிசையில் வெள்ளையரும் கறுப்பரும் உட்காரக் கூடாதே! நம் பஸ்ஸில் மூணு பேர் நாலு பேராகிறோம். அங்கே நாலு பேர் ஒருவராக வேண்டும். மூன்று பேர் எழுந்துகொண்டார்கள். ரோசா பார்க்ஸ் ஜன்னலோரத்துக்குத் தள்ளி உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவர் வெளியேற வழிவிட்டார். ஆனால் எழுந்திருக்கவில்லை. இந்தக் காட்சியை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். அவர் நகரத்தான் செய்தார். பக்கத்து ஆளுக்கு இடம் கொடுத்தார். ஏற்பாட்டுக்கு இடம் கொடுக்கவில்லை. நகர்வதற்கும் எழுந்துவிடுவதற்கும் உள்ள இந்த வித்தியாசத்தைத்தான் நம் 'அட்ஜஸ்ட்' மூடி மறைக்கிறது. அவர் எழாததால் 381 நாள் மான்ட்கோமரியின் கறுப்பு மக்கள் பஸ் ஏறாமல் நடந்தார்கள். பஸ்ஸில் பிரித்து உட்காரவைக்கிற சட்டம் விழுந்தது.

6

நம் பஸ்ஸுக்குத் திரும்புவோம். அந்த மூணு பேர் சீட்டு ஒன்றும் வானத்திலிருந்து வந்து விழவில்லை. ஆதிதிராவிடர்களை ஏற்றாத தனியார் பஸ்கள் இந்த மண்ணில் ஓடியிருக்கின்றன. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்த சுயமரியாதை இயக்கத்தவர் டபிள்யு.பி.ஏ. சௌந்திரபாண்டியன், அப்படி மறுக்கும் பஸ்ஸின் லைசென்ஸ் ரத்தாகும் என்று உத்தரவு போட்டார். 'கொஞ்சம் நகர்ந்து உட்காருங்க' என்று ஒரு தலித் சொல்ல முடிவதற்கு முன்னால், யாரோ ஒருவர் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளாமல் இருக்க வேண்டியிருந்தது.

அதே ராமநாதபுரத்திலிருந்து பிரிந்த விருதுநகரில் 1997இல் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு போக்குவரத்துக் கழகம் தொடங்கினார்கள். தேவேந்திரர் ஒருவரின் பேர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்றது சாதி. தென்மாவட்டங்களில் கலவரம். அரசு என்ன செய்தது? எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும், மாவட்டங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பேரையும் எடுத்துவிட்டது. சேரன், சோழன், பாண்டியன், கட்டபொம்மன் எல்லோரும் ஒரே நாளில் இறங்கியது போலாயிற்று. பார்ப்பதற்கு எவ்வளவு சமத்துவமான ஏற்பாடு! ஆனால் பாண்டியன் இருபது வருஷத்துக்கு மேல் சவாரி செய்துவிட்டு இறங்கினான். சுந்தரலிங்கம் ஏறின வேகத்திலேயே இறக்கப்பட்டார். ஒருவர் ஏறக் கூடாது என்பதற்காக எல்லோரையும் இறக்குவதும் ஒரு அட்ஜஸ்ட்மென்ட்தான். மான்ட்கோமரியில் ஒருவர் உட்கார நாலு பேர். இங்கே ஒருவர் உட்காராமலிருக்க அத்தனை பேர்.

இதையெல்லாம் எழுதுகிற, வாசிக்கிற நாம் மட்டும் யோக்கியமா? எத்தனை இயக்கக் கூட்டங்களில், 'அமைப்பு நலன் கருதி இப்போதைக்கு விட்ருங்க தோழர்' என்று ஒரு பெண் தோழரிடம் சொல்லியிருக்கிறோம்? சாதிப் பிரச்சினையை எடுத்தவரிடம், 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று எத்தனை தரம்? நம் வாயில் 'அட்ஜஸ்ட்' வராது. நாம் படித்தவர்கள் இல்லையா. 'முதன்மை முரண்பாடு' என்போம். 'கொள்' மட்டும் அதே 'கொள்'தான்: புரிந்துகொள்ளுங்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதற்காக இந்தச் சொல்லைத் தடை செய்யச் சொல்லவில்லை. பஸ்ஸில் பிள்ளையோடு நிற்கிறவருக்கு இடம் விடாதவன் புரட்சிக்காரன் ஆகிவிடமாட்டான். பக்கத்தில் பக்கத்தில் வாழ்வதற்கு நகர்ந்துதான் ஆக வேண்டும், அதுதான் 'யுக்ஸ்தா'. ஒரு சின்னச் சோதனை மட்டும் சொல்கிறேன். இந்த வாக்கியத்தைக் கேட்கும்போதெல்லாம் அதைத் திருப்பிச் சொல்லிப் பாருங்கள். நாலாவதாக வந்தவரிடம், உட்கார்ந்திருப்பவரும் 'நீங்க கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க' என்று சொல்லலாம். யாருக்கும் கோபம் வராது. மருமகள் மாமியாரிடம், கூலிக்காரர் பண்ணையாரிடம், நடிகை தயாரிப்பாளரிடம், கடன்பட்ட நாடு உலக வங்கியிடம் சொல்லட்டும். திருப்பிச் சொன்னால் திமிர் என்று கேட்குமானால், முதலில் சொன்னது வேண்டுகோளே அல்ல. அது உத்தரவு. உத்தரவுக்கு எப்படிப் பதில் சொல்வது என்பதை ரோசா பார்க்ஸ் உட்கார்ந்தபடியே சொல்லிக் காட்டியிருக்கிறார்.

வாசலில் நிற்கிற பெண்ணிடம் அடுத்த முறை என்ன சொல்லப் போகிறோம்? 'உள்ள வாம்மா' என்ற இரண்டு சொற்கள் தமிழில் இருக்கின்றன. அவளுக்கு இடம் விட வேண்டுமென்றால் நாம்தான் கொஞ்சம் நகர்ந்து உட்கார வேண்டும்.